ஒரு செய்திக்கு ஓரிடம்: ஆலய அலுவலகத்தில் விரிதாளும் தரவுத்தளமும்

(அறக்கட்டளையின் தொண்டர் பயிற்சி நாளன்று, நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று கணினியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "பெரியபுராணம் பேசுவீர்கள் என்று வந்தேன், பெயர்ப் பட்டியலைப் பேசப் போகிறீர்களாமே" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். ஆலயத்திற்கு வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையோடு வருகிறது. அந்தப் பெயரைச் சரியாக எழுதி, சரியாகக் காத்து, வேண்டிய வேளையில் சரியாக எடுத்துக் கொடுப்பதும் திருப்பணியில் சேர்ந்ததே என்று அவருக்கு விடை சொன்னேன். அந்த விடையின் விரிவுதான் இந்த உரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றேன். இந்தப் பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: நம் ஆலய அலுவலகத்தில் நடந்த ஒரு பெரிய தவறு என் கையால் நடந்தது.

மூன்று உறைகள்

2023-ஆம் ஆண்டு பங்குனி உத்திரத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பு, வயதான அம்மையார் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். பல ஆண்டுகளாகக் கணவரோடு வந்து உபயம் செய்தவர். கைப்பையிலிருந்து மூன்று உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றும் நம் ஆலயத்திலிருந்து சென்ற உபய அழைப்புக் கடிதங்கள்; 2021, 2022, 2023. மூன்றிலும் அவருடைய கணவர் பெயர்.

"வாத்தியாரய்யா, அவரு போயி மூணு வருசமாகப் போவுது. கோயிலுக்கு இன்னும் தெரியலையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "தூக்கிப் போட மனசு வரல. கோயில் கடுதாசி. அவரு பேரு வேற எழுதியிருக்கு" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. ஏனென்றால் ஆலயத்திற்குத் தெரியும். அவர் கணவர் 2020-இல் காலமானபோது அந்த அம்மையார் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் இருந்தவர் அன்றே அர்ச்சனைப் பட்டியலைத் திருத்தியும் இருக்கிறார். திதி அர்ச்சனை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடந்திருக்கிறது. ஆனால் உபயப் பட்டியல் வேறு கோப்பு. அஞ்சல் முகவரிப் பட்டியல் வேறு கோப்பு. ஆண்டு விருந்துக்கு ஒன்று, திருப்பணி நன்கொடைக்கு ஒன்று, கல்வி நிதிக்கு ஒன்று. ஆக ஆறு கோப்புகள். ஒரே மனிதர் பெயர் நான்கு கோப்புகளில் இருந்தது. திருத்தம் ஒன்றில் மட்டும் நடந்தது. அந்த ஆறு கோப்புகளையும் எக்செல் விரிதாளில் ஆசை ஆசையாக அமைத்தவன் நான்.

அன்று அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் போன பிறகு, குறை ஆளிடத்திலா, கருவியிலா, அமைப்பிலா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

விரிதாள் எதற்காகப் பிறந்தது?

விரிதாளின் பிறப்புக் கதை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். டான் பிரிக்லின் என்ற இளைஞர் அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் பெரிய கணக்கு அட்டவணை ஒன்றை எழுதுவார். இடையில் ஓர் எண்ணை மாற்ற வேண்டி வந்தால், அதைத் தொடர்ந்த எண்கள் அத்தனையையும் அழித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறும் கரும்பலகை ஒன்று இருந்தால் என்ன என்று அந்த மாணவருக்குத் தோன்றியது. அவரும் பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பரும் சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். அதன் வழித்தோன்றலே 1985-இல் வந்த எக்செல்.

எனவே விரிதாள் கணக்குப் போடப் பிறந்த கருவி. அந்த வேலையில் அதற்கு ஈடு கிடையாது. அன்னதானத்திற்கு 500 பேர் என்று அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். முந்தின நாள் மாலை 700 பேர் வருவார்கள் என்று செய்தி வருகிறது. ஓர் எண்ணை மாற்றினால் போதும். வாங்க வேண்டிய மூட்டையும் ஆகும் வெள்ளியும் கண் முன்னால் வந்துவிடும். திருவிழாச் செலவுத் திட்டம், மின்கட்டண ஒப்பீடு, உண்டியல் எண்ணும் நாளின் கூட்டுத்தொகை ஆகிய அனைத்திற்கும் இன்றும் நாங்கள் விரிதாளைத்தான் பயன்படுத்துகிறோம். நாளையும் பயன்படுத்துவோம்.

அது எங்கே தடுமாறுகிறது?

கணக்குப் போடும் கருவி, தன்னிடம் வரும் எதையும் கணக்காகவே பார்க்கும். நம் கெடா மாநிலத்து அஞ்சல் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கைப்பட்டாணி 08000, கூலிம் 09000. இவற்றை எக்செலில் அப்படியே தட்டினால் முன்னால் இருக்கும் சுழியத்தை அது உதறிவிட்டு 8000, 9000 என்று வைத்துக்கொள்ளும். எண் என்ற கணக்கில் அது செய்தது சரி. முகவரி என்ற கணக்கில் தவறு. 3-5 என்ற அடுக்குமாடி வீட்டு எண்ணைத் தட்டினால் மே மாதம் 3-ஆம் தேதி என்று எழுதிக்கொள்ளும்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போல இருந்ததால், எக்செல் அவற்றையும் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல், பெயர் சூட்டும் அறிவியல் குழுவினர் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023-இல்தான் எக்செலில் வந்தது.

மரபணுவை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளின் கதையைச் சொல்கிறேன். 2022-இல் கல்வி நிதிக்கு விண்ணப்பித்த மாணவர்கள் பலர் 2004-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பது உங்களுக்குத் தெரியும். எனவே அவர்களுடைய எண் சுழியத்தில் தொடங்கும். விண்ணப்பப் பட்டியலில் அந்த எண் எழுத்தாகப் பதிந்திருந்தது, சுழியம் இருந்தது. சான்றிதழ்கள் வந்து சேர்ந்தவர்களின் பட்டியலில் அது எண்ணாகப் பதிந்திருந்தது, சுழியம் போய்விட்டது. இரண்டையும் ஒப்பிட நான் எழுதிய சூத்திரம், ஒரு மாணவியின் பெயருக்கு நேராக "சான்றிதழ் வரவில்லை" என்று காட்டியது. விண்ணப்பம் ஒதுக்கி வைக்கப்பட்டது. ஒரு சுழியத்தால் ஒரு பிள்ளையின் முதல் தவணைக் கட்டணம் நின்றுபோக இருந்தது. அவள் தாயார் நேரில் வந்து, "சார், எல்லாத் தாளும் கொடுத்தோமே" என்று கேட்டதால் பிழை வெளிப்பட்டது. உதவி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் கூச்சப்பட்டு வராமலே இருந்திருந்தால்? கேட்கக் கூசுகிறவர்களுக்காகத்தானே கல்வி நிதி வைத்திருக்கிறோம்?

இன்னொன்று வரிசைப்படுத்துதல். நட்சத்திரம், ராசி இருந்த நெடுவரிசைகளுக்கு முன்னால், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு காலி நெடுவரிசை விட்டிருந்தேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். எக்செல் காலி இடத்தோடு நின்றுகொண்டது. பெயர்கள் இடம் மாறின. நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ரோகிணிக்காரர் கேட்டையானார். "எனக்கு எப்போதய்யா நட்சத்திரம் மாறியது?" என்று அர்ச்சனையின்போது ஒருவர் கேட்டதால் பிழைத்தோம்.

உலகறிந்த உதாரணம் ஒன்றும் உண்டு. 2020 செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில், இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளிகளின் விவரங்கள் தேசியக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பரிசோதனை முடிவுகளை எக்செலின் பழைய கோப்பு வகையில் ஏற்றியிருந்தார்கள். அந்த வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளே கொள்ளும். அதற்கு மேல் வந்தவை ஓசையின்றி உதிர்ந்தன. அந்த நோயாளிகளோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரத் தாமதமாயிற்று. பெரிய நாடு, பெரிய துறை; அங்கும் நினைவில் வைக்க வேண்டிய வேலையைக் கணக்குப் போடும் கருவியிடம் கொடுத்ததால் வந்த விளைவு அது.

தரவுத்தளம் என்பது என்ன?

பள்ளிக்கூடத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் மூன்று முருகன்கள் இருப்பார்கள். ஆசிரியர் குழம்புவார், பள்ளி அலுவலகம் குழம்பாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. பிள்ளையின் பெயரும் முகவரியும் அந்த ஒரு பதிவேட்டில் மட்டும் இருக்கும். தேர்வுப் பதிவிலும் உதவித்தொகைப் பதிவிலும் சேர்க்கை எண்ணைக் குறித்தால் போதும். வீடு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்தியதாகும்.

இந்த எண்ணத்தைக் கணினிக்கு முறையாக வகுத்துத் தந்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இன்றைய உறவுமுறைத் தரவுத்தளங்களுக்கு அடிப்படை.

நம் ஆலயத்தில் இதை நான்கு அட்டவணைகளாகப் பிரித்தோம். முதலாவது குடும்பம்: ஓர் எண், ஒரு முகவரி, ஒரு தொலைபேசி. இரண்டாவது உறுப்பினர்: பெயர், நட்சத்திரம், ராசி, எந்தக் குடும்ப எண்ணைச் சேர்ந்தவர். மூன்றாவது உபயம்: எந்த விழா, எந்த நாள், எந்தக் குடும்பம். நான்காவது ரசீது: எண், தேதி, தொகை, யாருடையது, எந்த நிதிக்கு. கல்வி நிதியும் திருப்பணி நிதியும் இப்படி ரசீதிலேயே பிரிந்துவிடுகின்றன.

இந்த அமைப்பில் மூன்று நன்மைகள் கண்டோம். ஒன்று, முகவரி ஓரிடத்தில்தான் இருப்பதால் பாதி திருத்தம் என்பதற்கு வழியில்லை. இரண்டு, அடையாள அட்டை எண் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும், தொகை எண்ணாகத்தான் இருக்க வேண்டும், பதிவில் இல்லாத குடும்பத்தின் பெயரில் ரசீது போட முடியாது என்று முன்கூட்டியே விதி வகுத்துவிட்டோம். தவறு உள்ளே நுழையும் வாசலிலேயே கருவி தடுக்கிறது. மூன்று, கேள்வி கேட்கலாம். சென்ற ஆண்டு உபயம் செய்து இவ்வாண்டு இன்னும் பதியாதவர் யார், அடுத்த வாரம் யாருக்குத் திதி வருகிறது என்று கேட்டால் உடனே பட்டியல் வரும்.

காலமானவர் பெயரை இப்போது நாங்கள் அழிப்பதில்லை. "அமரர்" என்று குறித்துத் தேதியையும் திதியையும் பதிகிறோம். அதன் பிறகு அவர் பெயருக்குக் கடிதம் போகாது. ஆனால் அவர் பெயரில் நடந்த உபயங்கள் அத்தனையும் ஏட்டில் நிலைத்திருக்கும்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகமும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் குறிப்பு உண்டு. ஒரு பங்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அது அடுத்து எந்த உறவினரைச் சேரும் என்பதையும் எழுதி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் எழுதியவர்கள் மனிதர் இறப்பார்கள் என்பதை நினைத்துப் பட்டியலை அமைத்திருக்கிறார்கள். நான் அமைத்த ஆறு கோப்புகளில் அதற்கு இடமே இல்லை.

தரவுத்தளத்திலும் குறை உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. நான் வருவதற்கு முன்பே, 2015 வாக்கில், திறமையான இளைஞர் ஒருவர் அக்சஸ் நிரலில் நம் ஆலயத்திற்குத் தரவுத்தளம் அமைத்துக் கொடுத்திருந்தார். நன்றாகவே நடந்தது. பிறகு அவர் வேலைக்காக வெளிநாடு போனார். கணினி பழுதாயிற்று. கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. அமைப்பைப் பற்றி ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. அந்தப் பயத்தில்தான், எல்லோருக்கும் பழகிய எக்செலே போதும் என்று நான் முடிவு செய்தேன். விரிதாளை யாரும் திறந்து படிக்கலாம். தரவுத்தளத்தை அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அவசரத்திற்குப் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ப்பதுபோல அதில் சேர்க்கக் கூடாது.

ஆகவே 2023-இல் மீண்டும் தொடங்கியபோது சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டோம். எந்த நேரத்திலும் குறைந்தது இருவருக்கு முழு அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் புதியவருக்கு விளக்கும் சிறு கையேடு தமிழில் இருக்க வேண்டும். கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. மாதந்தோறும் எல்லா அட்டவணைகளையும், எந்தக் கணினியும் படிக்கக்கூடிய வெறும் உரைக் கோப்புகளாக எடுத்து, ஒரு பிரதியை ஆலயத்திற்கு வெளியே பாதுகாப்பாக வைக்க வேண்டும். செலவு பெரிதாக இல்லை. லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள பேஸ் என்ற தரவுத்தள நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய செலவு நேரம்தான். ஒரே குடும்பம் நான்கு கோப்புகளில் நான்கு எழுத்துக்கூட்டலில் கிடந்தது. அவற்றை ஒன்று சேர்க்க இரு கல்லூரி மாணவர்கள் வார இறுதிகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சந்தேகம் வந்த இடத்தில் ஊகிக்காமல் தொலைபேசியில் கேட்டார்கள். அவர்களுக்கு இந்த அவையில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எப்போது எது?

தொண்டர்களே, நீங்கள் புதிதாக ஒரு பட்டியல் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் செய்தி அடுத்த ஆண்டும் வேண்டுமா?
இதில் வரும் பெயர் வேறொரு பட்டியலிலும் வருமா?
இதில் ஒருவருக்கு மேல் கை வைப்பார்களா?

மூன்றுக்கும் "இல்லை" என்றால் விரிதாள் போதும், பயப்படாமல் பயன்படுத்துங்கள். இரண்டுக்கு "ஆம்" என்றால் தரவுத்தளத்தில்தான் அது இருக்க வேண்டும். பொருளாளர் கணக்கு ஆராய வேண்டுமென்றால் தரவுத்தளத்திலிருந்து எடுத்து விரிதாளில் போட்டு ஆராயட்டும். ஆனால் திருத்தம் செய்வது மூலத்தில் மட்டுமே. மூலம் ஒன்று இருக்கும்போது "இறுதி", "இறுதி இரண்டு", "உண்மையான இறுதி" என்று கோப்புகள் பெருகா. பக்தர்களின் விவரங்களைப் புலனத்தில் அனுப்புவதும் விரலியில் வீட்டுக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். அவை நம்மை நம்பிக் கொடுத்தவை.

உபயதாரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் முன்னோர். நீங்கள் அளந்து கொடுக்கிறீர்கள். நாங்கள் அளந்து எழுத வேண்டும். கடந்த குடமுழுக்கிற்கு என்ன கொடுத்தேன் என்று நீங்கள் கேட்டால், அன்றைக்கே விடை சொல்லும் நிலையில் அலுவலகம் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் உதவியும் தேவை. ஆண்டுதோறும் உங்கள் இல்லத்திற்கு ஒரு விவரத் தாள் வரும். பெயர், எழுத்துக்கூட்டல், நட்சத்திரம், முகவரி எல்லாம் சரிதானா என்று பார்த்துத் திருப்பி அனுப்புங்கள். பிள்ளைக்குத் திருமணமானாலும், வீடு மாறினாலும், வீட்டில் ஒருவர் இறைவனடி சேர்ந்தாலும் ஒரு முறை சொல்லுங்கள். இனி ஒரு முறை சொன்னால் போதும். அர்ச்சனைக்கு அடையாள அட்டை எண்ணை யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் கொடுக்க வேண்டாம்.

2024-ஆம் ஆண்டு பங்குனி உத்திரத்திற்கு அந்த அம்மையாரின் பெயரில் கடிதம் சென்றது. அவர் மகனோடு வந்து, வழக்கம்போல உபயம் செய்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு போனார். உறையின்மேல் இருந்த பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சரியாக இருக்கும் பட்டியலைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனமே எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ்.

பழைய மூன்று உறைகளை அவர் அன்று மேசையிலேயே விட்டுச் சென்றார். அவை இன்றும் அலுவலகத்தில் என் இழுப்பறையில் இருக்கின்றன. புதிய தொண்டர் யார் வந்தாலும் முதலில் அவற்றைக் காட்டிவிட்டுத்தான் கணினியைக் காட்டுகிறேன்.